கருவாட்டுக் களத்து ஆலாக்கூடு

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்க தங்கச்சி. நீங்க தூத்துக்குடி தாண்டி காயல்பட்டணம் போகணும், நான் நடுவழியில் இறங்குகிறவள். கண்டக்டர் தம்பி, பெரியமுனை விலக்கு ஒண்ணு குடுங்க.

நெற்றியைப் பார்க்கிறீங்களா? யாரும் அடிக்கவில்லை. என் வீட்டுக்காரர் கை ஓங்கினதே கிடையாது. பாவம், அவருக்கு வலையைத் தவிர வேறெதையும் வீசத் தெரியாது. இது பறவை கொத்தினது. ஆலா என்று ஒரு கடற்பறவை. வெள்ளை வெளேரென்று இருக்கும். தலையில் கறுப்புத் தொப்பி வைத்த மாதிரி, மஞ்சள் மூக்கு. முட்டைப் பக்கம் ஆள் போனால் மேலேயிருந்து கல்லாக விழும். ஒரு கொத்து, கூடவே தலையில் ஒரு எச்சம். எனக்கு அதன்மேல் கோபமில்லை. தாய் என்றால் அப்படித்தான் இருக்கணும். தன் பிள்ளைக்கு ஒன்றென்றால் எதிரில் நிற்கிறது யார் என்று பார்க்கக்கூடாது.

எனக்குக் கோபமே வராது தங்கச்சி. எங்க ஊரில் யாரை வேணும்னாலும் கேளுங்க, மிக்கேலம்மாள் எப்படி என்று. காலையில் எழுந்ததும் செபமாலை, ராத்திரி படுக்கும்போது செபமாலை. அதனால்தானே அந்தப் பறவை வேலையே எனக்குக் கிடைத்தது!

எங்க ஊருக்குத் தெற்கே ஓடை கடலில் சேருகிற இடத்தில் நாக்கு நீட்டின மாதிரி ஒரு மணல்திட்டு இருக்கிறது. விடியற்காலையில் அங்கேதான் செபமாலை சொல்லிக்கொண்டு நடப்பேன். ஒருநாள் வேணி மேடம் என்று தூத்துக்குடியிலிருந்து ஒரு அம்மா வந்தார்கள். பறவைகளைக் கணக்கெடுக்கிற குழுவாம். நான் நடந்துபோகிறதையும் பறவைகள் எழும்பாமல் மேய்கிறதையும் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, "அம்மா, உங்களைக் கண்டு இதுங்க பயப்பட மாட்டேங்குதே. எங்களுக்காகக் கூடுகளைப் பாத்துக்கிறீங்களா?" என்று கேட்டார்கள்.

வீட்டில் வந்து சொன்னால் என் மகள் ஜெனோவாவுக்கு ஒரே சிரிப்பு. "எம்மா, முட்டைக்கு வாட்ச்மேன் வேலையா?" என்றாள். எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் பஹ்ரைனில் இருக்கிறான். இவள் இளையவள், சாயல்குடியில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. மரிய ஜெனோவா. பேர் வைத்தது நான்.

வேலை என்ன என்கிறீங்களா? மாசி பிறந்தால் போதும், மழைக்காலத்தில் வந்த உள்ளான் பறவைக் கூட்டமெல்லாம் ஊருக்குக் கிளம்புகிற அவசரத்தில் இருக்கும். கல்யாண வீட்டுக் கடைசிப் பந்தி மாதிரி சேற்றைக் குத்திக் குத்தித் தின்னும். திடீரென்று ஒருநாள் காலையில் போனால் திட்டு காலியாகக் கிடக்கும். அதுகள் போன இடத்துக்கு ஆலா வரும், உப்புக்கொத்தி வரும். கூடு என்றால் நீங்க நினைக்கிற மாதிரி சுள்ளி வைத்துக் கட்டுகிற கூடு இல்லை. மணலில் நெஞ்சை வைத்து ஒரு சுற்று சுற்றும். அந்தப் பள்ளந்தான் கூடு. முட்டையும் மணல் நிறம், மேலே பொட்டுப் பொட்டாக. காலுக்கடியில் இருந்தாலும் தெரியாது.

வெயில் ஏறுமுன்னே போய், பறவை எழும்புகிற இடத்தைக் கண்ணால் குறித்துக்கொள்ளணும். சிவப்புத் துணி கட்டின குச்சியைக் கொஞ்சம் தள்ளி நடணும். முட்டைக்குப் பக்கத்திலேயே நட்டால் காக்கா அதைப் பார்த்துப் பழகிவிடும், குச்சி இருக்கிற இடத்தில் பலகாரம் இருக்கிறது என்று. பிறகு சுற்றிலும் பத்து எட்டு எடுத்துவைத்து அளந்து கயிறு கட்டணும். ஒரு போட்டோ எடுத்து மேடத்துக்கு அனுப்பணும். கயிற்றுக்குள் ஆள் கால் வைக்கக்கூடாது. ஊர்க் கமிட்டியில் பேசி முடிவு பண்ணினது, சாமியாரும் பூசையில் அறிவித்தார். மத்தியானத்தில் மட்டும் நானே கிட்டப் போகமாட்டேன். தாய்ப்பறவை எழும்பிப் போய்விட்டால் கொஞ்ச நேரத்தில் முட்டை வெந்துபோகும். அந்த வெயிலில் அது என்ன செய்யும் தெரியுமா? கடலுக்குப் போய் வயிற்றை நனைத்துக்கொண்டு ஓடிவந்து ஈரத்தோடு முட்டைமேல் உட்காரும். முதல் தடவை பார்த்தபோது நான் அழுதுவிட்டேன்.

அவ்வளவு இளகின மனசு எனக்கு. அதனால்தான் ஆண்டவர் எனக்காக இறங்கி வந்தார். பிரகாசி விஷயத்தில்.

பிரகாசி என்றால் அடுத்த வீட்டுக்காரி. அடுத்த வீடு என்று சொன்னால் போதாது. ஒரே நாளில் கோயிலில் முதல் அப்பம், புதுநன்மை, வாங்கினோம், ஒரே வருஷம் வாழ்க்கைப்பட்டோம். அவள் புருஷன் கடலோடு போய்ச் சேர்ந்த பிறகு அவள் மகன் ரெமி என் வீட்டுச் சட்டியில்தான் சோறு தின்று வளர்ந்தான். எனக்கு அக்காள் தங்கச்சி கிடையாது, இவளே தங்கச்சி என்று இருந்தேன். என் பிள்ளைகளும் அவளைச் சின்னம்மா என்றுதான் கூப்பிட்டு வளர்ந்தன. கருவாடு போட்டுப் பிழைக்கிறவள். அந்த மணல்திட்டின் மேட்டில்தான் அவளுக்குக் களம்.

தை மாதம் மணப்பாட்டிலிருந்து ஜெனோவாவைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் கப்பலில் வேலை. நல்ல குடும்பம். பூசைக்குப் போய்விட்டு வீட்டுக்கு வருவதாகப் பேச்சு. நான் நெய்ச்சோறு ஆக்கி, சீலா மீன் பொரித்து, வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். வேன் எங்க வீட்டு வாசலில் நிற்காமலே போகிறது! பின்னால் ஓடிப்போய் விசாரித்தால், மாப்பிள்ளையின் அம்மா கோயில் வாசலில் பிரகாசியைப் பார்த்துப் "பிள்ளை எப்படி?" என்று கேட்டிருக்கிறாள். இவள் சொல்லியிருக்கிறாள்: "பிள்ளை தங்கம். ஆனா வாக்குக் குடுத்த பிள்ளை."

வாக்குக் கொடுத்த பிள்ளை! யார் கொடுத்தது? நான் கொடுத்தேனா, அவர் கொடுத்தாரா? பெற்றவளுக்குத் தெரியாமல் ஒரு வாக்கு எங்கேயிருந்து வரும்? நீங்களே சொல்லுங்க.

அன்றைக்கு ஜெனோவா அந்தச் சீலா மீனில் மூன்று துண்டு தின்றாள். துக்கம் சிலருக்கு அப்படி, பசியாக வரும்.

சும்மா விடுவேனா? நேரே போனேன். பிரகாசி முற்றத்தில் மீன் அரிந்துகொண்டிருந்தாள், கையெல்லாம் செதில். "ஏளா பிரகாசி, என் பிள்ளை யாருக்குளா வாக்குக் குடுத்தா?" என்று கேட்டேன். எனக்குப் பின்னால் ஜெனோவா வந்து நின்றிருந்தாள் போல. பிரகாசி அவளையே பார்க்கிறாள். என் கண்ணைப் பார்க்கத் தைரியம் இல்லை. "சொல்லுளா!" என்றேன். கடைசியில் என்ன சொன்னாள் தெரியுமா? "எக்கா, நாஞ் சொன்னது தப்புன்னா மன்னிச்சிருங்க. பொய்யின்னா மன்னிக்காதிய."

கேட்டீங்களா? தப்புக்கும் பொய்க்கும் என்ன வித்தியாசம்? படிச்ச வக்கீல் மாதிரிப் பேச்சு. நானும் அவளும் ஒன்றாக எட்டாவதோடு நின்றவர்கள். ஜெனோவா என் கையைப் பிடித்து இழுத்தாள். "வாம்மா, வெயிலா இருக்கு" என்றாள். மகள் தங்கம், சண்டை பிடிக்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் சமாதானம் சொல்கிற நேரம். உங்களுக்குத் தெரியாது இல்லையா? எங்க பூசையில் ஒரு நேரம் வரும், பக்கத்தில் நிற்கிறவர்களுக்குக் கைகூப்பிச் சமாதானம் சொல்லணும். பகையோடு நன்மை வாங்கக்கூடாது, அதுக்காக. பிரகாசி என் பக்கம் திரும்பிக் கைகூப்பினாள். நான் இந்தப் பக்கம் திரும்பித் தூணுக்குச் சமாதானம் சொன்னேன். சொல்லாமல் இருக்கவில்லை, கவனிச்சுக்குங்க. சொன்னேன். தூணுக்கு.

பிறகுதான் அந்தோணியாரிடம் போனேன். சாயல்குடிக்கு இந்தப் பக்கம் குகை மாதிரிக் கட்டின ஒரு சின்னக் கெபி இருக்கிறது. ஒன்பது செவ்வாய்க்கிழமை விடாமல் போய் உப்பும் மிளகும் போட்டுக் கேட்டால் கேட்டதைக் கொடுப்பார். நான் பிரகாசிக்குச் சாவு கேட்கவில்லை தங்கச்சி, நான் அவ்வளவு மோசமானவள் இல்லை. என் பிள்ளையின் கல்யாணத்தை அவள் கெடுத்தாள், அவள் பிள்ளையின் கல்யாணத்தில் அவளுக்குக் கூலி கிடைக்கணும். நியாயந்தானே? "அந்தோணியாரே, பிரகாசி வீட்டுக்கு மருமகளாக வருகிறவள் ஒருநாளும் அந்த வீட்டில் சிரிக்கக்கூடாது. மாமியாரும் மருமகளும் ஒரு சட்டியில் சோறு தின்னக்கூடாது. அந்த வீட்டு உத்தரத்தில் தொட்டில் கட்டக்கூடாது" என்று கேட்டேன். வரப்போகிறவள் யாரென்று எனக்குத் தெரியாதே, அதனால் பேர் சொல்லவில்லை. வருகிறவள் என்று மட்டும் சொன்னேன். அவருக்குத் தெரியாததா?

இன்றைக்குத்தான் ஒன்பதாவது செவ்வாய். முடித்துவிட்டுத்தான் வருகிறேன். மனசு இலவம்பஞ்சு மாதிரி இருக்கிறது.

ஆனால் பாருங்க, ஒன்பது வாரம் வரைக்கும் அந்தோணியார் காத்திருக்கவில்லை. விபூதிப் புதன் கழிந்து மறுநாள் காலையில் திட்டுக்குப் போகிறேன், ஒரு ஆலா எழும்புகிறது. எங்கேயிருந்து? பிரகாசியின் களத்திலிருந்து! அவள் கருவாட்டை விரிக்கிற வலைக்குப் பக்கத்திலேயே பள்ளம் பறித்து முட்டை போட்டிருக்கிறது. கண்ணுக்கெட்டின தூரம் மணல் கிடக்கிறது தங்கச்சி, அத்தனையையும் விட்டுவிட்டு! நான் அப்படியே முழங்காலில் விழுந்துவிட்டேன். முட்டையைக் கும்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அந்த ஆலா என் தலையில் எச்சம் போட்டது. அதுவும் ஆசீர்வாதந்தான்.

கொடி நட்டேன், கயிறு கட்டினேன். பத்து எட்டு என்று சட்டம். அன்றைக்கு எனக்கு எட்டு கொஞ்சம் நீளமாக விழுந்தது. களம் முழுக்க உள்ளே வந்துவிட்டது.

நெத்திலி சீசன் தொடங்குகிற நேரம். பிரகாசி தலையில் கூடையோடு வந்தாள். கயிற்றைப் பார்த்தாள், கொடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஆலாவாக்கா?" என்றாள். "ஆலாதான்" என்றேன். கள்ளி, கூடையை இறக்காமலே திரும்பிப் போய்விட்டாள். ரோட்டோரத்தில் காயப்போட்டாள், மணல் லாரி ஏற்றிவிட்டுப் போனான். வீட்டு மெத்தை மாடியில் காயப்போட்டாள், பூனை. ஓலைக் கொட்டகை மேலே போட்டாள், பனி விழுந்து புழு வைத்தது. நாற்றம் என் வீட்டு வரைக்கும் வந்தது. எனக்கு அது சாம்பிராணி மாதிரி இருந்தது.

இதிலும் நடிப்பைப் பாருங்க. மீனை அங்கே நாறவிட்டுவிட்டு, சாயங்காலமானால் கயிற்றுக்கு வெளியே வந்து உட்கார்ந்துகொள்வாள். காக்கா வந்தால் கல்லெறிவாள், நாய் வந்தால் விரட்டுவாள். ஊர் பார்க்கணும் என்று. "பிரகாசி எவ்வளவு நல்லவ பாத்தியளா, பொழப்புப் போனாலும் பறவைக்குக் காவல் இருக்கா" என்று ஊரும் பேசிக்கொண்டது. காவல்காரி நானா, அவளா?

அப்போதுதான் ஒரு ஞாயிறு, ஊரே பூசையில் இருந்த நேரம், காக்கா வந்து வேலையை முடித்துவிட்டது. நான் போய்ப் பார்த்தால் ஓட்டுத் துண்டுதான் கிடக்கிறது. தாய் அந்தரத்தில் கத்திக் கத்திப் பறந்தது, பிறகு போயே போய்விட்டது. நான் மணலில் உட்கார்ந்து அழுதேன். மெய்யாகவே அழுதேன். முட்டை போனால் கயிற்றை அவிழ்க்கணும், அதுதான் சட்டம். மேடத்தைக் கூப்பிடப் போனைக் கையில் எடுத்தேன். அந்த நேரம் பார்த்துப் பிரகாசியும் ரெமியும் பூசை முடிந்து வீட்டுக்குப் போகிறார்கள், ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு. சிரிப்பு!

போனை மடியில் வைத்துவிட்டேன்.

இந்தப் பையில் என்ன இருக்கிறது என்று நினைக்கிறீங்க? தொடாதீங்க, மெதுவாக. காடை முட்டை. சாயல்குடி சந்தையில் வாங்கினது. ஆலா முட்டையும் காடை முட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெற்ற பறவைக்கே சந்தேகம் வரும். அதே அளவு, அதே பொட்டு. முதல் தடவை வாங்கும்போது கடைக்காரர் கேட்டார், "என்னக்கா, தவக்காலத்துல காடை முட்டையா?" என்று. "திங்கதுக்கு இல்ல அண்ணே, அடை வைக்க" என்றேன். நான் தவக்காலத்தில் முட்டை தொடுகிறதில்லை. நாக்கைக் கட்டாமல் செபம் பண்ணி என்ன பிரயோசனம்?

நான் பொய் சொல்லவில்லை தங்கச்சி, அதையும் கவனிச்சுக்குங்க. "முட்டை இருக்கா அம்மா?" என்று மேடம் கேட்டார்கள். "இருக்கு மேடம்" என்றேன். இருந்தது. எந்தப் பறவையுடையது என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கெட்டுப்போய் எறும்பு மொய்த்தால் மாற்றிவைப்பேன். நாள் தள்ளிக்கொண்டே போகிறதே என்று மேடம் கேட்டபோது, "திரும்பவும் போட்டிருக்கும் மேடம்" என்றேன். திரும்பவும் போட்டது நான்தானே, வார்த்தை சரிதானே?

ஒரு நாள் பிரகாசி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. "எக்கா, தாய்ப்பறவை வரவே காணுமே. முட்டை வெந்துருமே" என்றாள். "அது பெத்தது, அதுக்குத் தெரியும். பெறாதவளுக்கு என்ன கவலை?" என்று கதவைச் சாத்தினேன். மறுநாள் மத்தியானம் போய்ப் பார்க்கிறேன். வள்ளம் தள்ளுகிற நீளக் கழி ஒன்றின் நுனியில் பனையோலையைக் கட்டி, கயிற்றுக்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே நீட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். கால் ஒரு விரல்கூட உள்ளே இல்லை. நிழல் மட்டும் உள்ளே, சரியாக முட்டைமேல். வியர்வை சொட்டுகிறது. எதுக்கு? காடை முட்டைக்கு! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து செபமாலை எடுத்தால், ஒவ்வொரு மணிக்கும் நடுவில் சிரிப்பு வருகிறது.

இனி கொஞ்ச நாள்தான். வருகிற சனிக்கிழமை மேடம் வனத்துறை ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். அந்த மேட்டில் இவ்வளவு நாள் தொடர்ந்து முட்டை இருக்கிறது என்றால் அது பறவைக்கான இடந்தான், நிரந்தரமாக வேலி போட்டுவிடலாம் என்று சொல்கிறார்கள். நிரந்தரமாக! அப்புறம் பிரகாசிக்குக் களம் ஏது? கருவாடு ஏது? என் வாசலில் வந்து நின்று, "எக்கா, நான் சொன்னது பொய்தான்" என்று சொல்லணும். அதுக்குத்தான் இந்தப் புது முட்டை. சனிக்கிழமைக்குப் பளிச்சென்று இருக்கணும் இல்லையா?

வீட்டுக்காரர் என்ன சொல்கிறார் என்கிறீங்களா? கஸ்பாருக்குச் சூடு சொரணை கிடையாது. போன வாரம் ரெமியோடு சேர்ந்து அவன் வள்ளத்துக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறார்! "ஏன் இப்படிப் பகையாளி வீட்டு வேலைக்குப் போறிய?" என்று கேட்டேன். "நம்ம வள்ளம் மாதிரித்தான, மிக்கேலு" என்று சிரிக்கிறார். மனுஷனா?

மகள் அப்படி இல்லை. ஜெனோவாவுக்கு என்மேல் உயிர். ஒரு விஷயம் சொன்னால் உங்களுக்கே புரியும். சின்னப் பிள்ளையிலிருந்து சின்னம்மா, சின்னம்மா என்று பிரகாசி முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிந்த பிள்ளை, இப்போது சின்னம்மா என்கிற வார்த்தையையே விட்டுவிட்டாள். வெறும் மாமி. "மாமி, தண்ணி வந்துட்டு." "மாமி, அம்மா கூப்பிடுதாவ." எனக்காக உறவையே அறுத்துவிட்டாள் பாருங்க! நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளாகவே. சண்டைக்குப் பிறகுதான்... இல்லை, இருங்க. கிறிஸ்மஸ் பலகாரம் கொடுத்தபோதே மாமி என்றுதான் சொன்னாள். ஆமாம், நான்கூட என்ன இது புதுசாக என்று கேட்டேன். பிள்ளைக்கு முன்கூட்டியே மனசில் பட்டிருக்கிறது, இவள் துரோகம் பண்ணப்போகிறாள் என்று.

ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? தலை சுற்றுகிறதா? பஸ் காற்று சிலருக்கு ஒத்துக்காது.

ரெமிக்கா? பெண் பார்த்தாச்சு என்றுதான் கேள்வி. ஈஸ்டர் கழிந்து கோயிலில் கல்யாண ஓலை வாசிப்பார்கள் போல. பெண் யாரென்றுதான் மூடி மூடி வைக்கிறார்கள். ஊரில் யாரிடம் கேட்டாலும் என் முகத்தை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். சொல்லக்கூசுகிற இடமாக இருக்கும். எந்த வீட்டுப் பிள்ளையோ, பெற்றவளுக்குப் புத்தி எங்கே போனதோ. அவளுக்காகப் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் ஒன்பது வாரம் கேட்டு முடித்தாச்சு. அந்த வீட்டுக்குத்தான் போவேன் என்றால் யார் என்ன செய்ய முடியும்?

போன் அடிக்கிறது, இருங்க. ஜெனோவாதான்.

"ஆங், சொல்லும்மா... பஸ்ஸுலதான். வேப்பமரம் தாண்டியாச்சு... எதுக்குளா வெயில்ல நிக்க?... என்ன விசயம்? வந்ததும் சொன்னாப் போதாதா?... சரி சரி."

விலக்கில் வந்து நிற்கிறாளாம். "நாங்க நிக்கிறோம், உன்கிட்ட ஒரு விசயம் பேசணும், கோவப்படாமக் கேக்கணும்" என்கிறாள். நாங்க என்கிறாள் பாருங்க, அவளும் அவள் குடையும் போல. கோபப்படாமலாம்! நான் என்றைக்குக் கோபப்பட்டேன்?

அந்தா, விலக்கு வந்துவிட்டது. பஸ் நிழற்குடை தெரிகிறதா? அதுதான் என் பிள்ளை, நீலச் சுடிதார். நிறம் என் நிறம் இல்லை, அவர் பக்கம். பக்கத்தில் யார் அது? என் கண்ணுக்குத் தெரியவில்லை, உங்களுக்கு... பிரகாசி. பிரகாசி எதுக்கு இங்கே நிற்கிறாள்?

பாருங்க அவளை. முந்தானையால் என் பிள்ளை முகத்தைத் துடைத்துவிடுகிறாள். இவளும் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள், பூனைக்குட்டி மாதிரி. நான் துடைக்கப்போனால் தள்ளிவிடுவாள், எத்தனை வருஷமாக.

பின்னால் ரெமி. அவன் தோளில் தொங்குகிறது ஜெனோவாவுடைய பை. பெண்பிள்ளையின் பையை இவன் எதுக்கு...

என்ன சொன்னீங்க தங்கச்சி?

இல்லை. இருக்காது. என்னிடம் சொல்லாமல் என் பிள்ளை...

வாக்குக் கொடுத்த பிள்ளை என்றாளே.

கண்டக்டர் தம்பி, விசில் அடிக்காதீங்க. இறங்குகிறேன். கொஞ்சம் பொறுங்க.

தங்கச்சி, இந்தப் பையை நீங்களே கொண்டுபோங்க. பிள்ளைகளுக்கு அவித்துக் கொடுங்க. வேண்டாம் என்று சொல்லாதீங்க. சனிக்கிழமை அந்தக் களத்தை அடைத்துவிட்டால் என் பிள்ளை அந்த வீட்டில் எதைப் பொங்கித் தின்னும்?

நீங்க தொழுகிறவங்கதானே? நேற்று என்றால் நானே மாற்றிக் கேட்டிருப்பேன். காலையிலேதான் முடித்தேன். உப்பும் மிளகும் போட்டுவிட்டேன். எங்க அந்தோணியாருக்கு மறதியே கிடையாது தங்கச்சி, கேட்டதைக் கொடுக்காமல் விடமாட்டார். உங்க ஆண்டவனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்க. தொட்டில் விஷயம் மட்டுமாவது. இல்லை, எல்லாந்தான், சிரிப்பு, சோறு, எல்லாம். பேர் மரிய ஜெனோவா. நான் பேர் சொல்லாமல் கேட்டேன், நீங்க பேர் சொல்லிக் கேளுங்க. பேர் சொல்லிக் கேட்டதுதான் எடுபடும், இல்லையா? ஜெனோவா. மறந்துவிடாதீங்க.

வர்றேன் தம்பி, வந்துட்டேன்.

பிரகாசி பேரைச் சேர்த்துவிடாதீங்க தங்கச்சி. அவளுக்கு நான் கேட்டது அப்படியே இருக்கட்டும்.